சாவுக்குப் பதில் கேட்ட படிவம்

எங்கள் பக்கத்துப் பழைய சாலைகளில், புளியமரங்களுக்கு நடுவே, நெஞ்சுயரத்துக்கு இரண்டு கற்களை நட்டு அவற்றின் மேல் ஒரு நீளக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமைக்காரர் அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் சுமையை இறக்கவும் திரும்ப ஏற்றவும் தோதான உயரம். சுமைதாங்கிக் கல் என்று பெயர். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக அவள் வீட்டார் நட்டுவைப்பது. இறக்காத சுமையோடு போய்விட்டாள், ஊரார் சுமையாவது இறங்கட்டும், அதில் அவள் ஆத்துமா ஆறட்டும் என்பது நம்பிக்கை. சில கற்களில் பெயர் வெட்டியிருக்கும், சிலவற்றில் ஆண்டும் இருக்கும். எதனால் செத்தாள், யார் பார்த்தார்கள், எத்தனை மணி நேரம் துடித்தாள் என்பது எந்தக் கல்லிலும் இருக்காது.

1986-ல் கிராம சுகாதாரச் செவிலியராக நான் வேலையில் சேர்ந்தபோது அரசாங்கப் பதிவேடும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில், கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் எனக்குத் துணை சுகாதார நிலையம். டென்மார்க் நாட்டு உதவியில் கட்டியது என்பதால் ஊரில் அதை டேனிடா கட்டடம் என்பார்கள். ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு நான் ஒருத்தி. ஊசி, மாத்திரை, கர்ப்பிணிப் பதிவு, நள்ளிரவில் கதவு தட்டினால் பிரசவம். ஒரு தாய் இறந்தால் கிராம நிர்வாக அலுவலர் தன் இறப்புப் பதிவேட்டில் ‘பிரசவம்’ என்றோ ‘ஜன்னி’ என்றோ ஒற்றைச் சொல் எழுதுவார். விதி முடிந்தது என்று ஊர் சொல்லும். பெரிய ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால், “கடைசி நேரத்தில் கொண்டுவந்தார்கள்” என்று கேஸ் ஷீட்டில் இருக்கும். யார் கடைசி நேரமாக்கினார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

இந்தக் கேள்வியை மருத்துவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்ட வரலாறு பழையது. சென்னை எழும்பூரில் 1844-ல் தொடங்கிய பிரசவ ஆஸ்பத்திரியில் பணியாற்றிய ஆ. லட்சுமணசாமி முதலியார், 1930களின் தொடக்கத்தில் சென்னை நகரத்தில் தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்று விசாரித்து அறிக்கை எழுதினார். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நீண்ட காலம் இருந்தவர் அவர்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1952 முதல் ஒவ்வொரு தாய் மரணத்தையும் ரகசியமாக விசாரித்து, பெயர்களை நீக்கி, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடும் ஏற்பாடு வந்தது. இரண்டுமே பெரிய காரியங்கள். ஆனால் இரண்டிலும் கேட்டவர் மருத்துவர், எழுதியவர் மருத்துவர், படித்தவரும் மருத்துவர். இறந்தவளின் மாமியாரையோ கூடப் பிறந்தவளையோ உட்காரவைத்து, “என்ன நடந்தது, சொல்லுங்கள்” என்று கேட்கும் வழக்கம் எங்கள் ஊர்களுக்கு வர 1990களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தாய் மரணங்களைக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்ற நடைமுறையைத் தமிழ்நாடு 1994-ல் தொடங்கியது. கர்ப்பத்தின்போதோ பிரசவத்துக்குப் பிறகு 42 நாட்களுக்குள்ளோ ஒரு பெண் இறந்தால், விபத்து போன்ற வேறு காரணம் இல்லையென்றால், அது தாய் மரணம். 24 மணி நேரத்துக்குள் மேலே தகவல் போக வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரும் செவிலியரும் அந்த வீட்டுக்கே போய், கூட இருந்தவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். உடலை அறுத்துப் பார்க்காமல் வாய்மொழியைக் கேட்டே காரணம் தேடுவதால் இதை வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்றார்கள்.

முதல் சிக்கல் எந்த ஊர்க் கணக்கு என்பதில் வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் போய்விடுவாள். புருஷன் ஊர் நர்ஸ் பதிந்தவள், தாய்வீட்டு ஊர் நர்ஸ் பார்க்காதவள், இரண்டுக்கும் நடுவே உள்ள நகரத்தில் இறப்பாள். “உன் ஏரியா கேஸ்”, “இல்லை, உன் ஏரியா” என்று நாங்கள் அடித்துக்கொண்டதுண்டு. எண்ணிக்கை ஏறினால் திட்டு விழும் என்ற பயம். ஒரு சாவைக் கூட விடாமல் பெயர் சொல்லி எண்ண வேண்டும் என்று மேலிடம் பிடிவாதமாக நின்ற பிறகுதான் அந்த இடைவெளி அடைபட்டது. பொறுப்பு என்று இன்று பெரிதாகப் பேசப்படுவதெல்லாம் இந்தப் பிடிவாதத்தில்தான் பிறந்தது. எண்ணப்படாத சாவுக்கு யாரிடமும் பதில் கேட்க முடியாது.

இரண்டாவது சிக்கல், துக்க வீட்டில் போய் உட்காருவது. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே கெடு முடிந்துவிடும். அப்போதுதான் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுத் திண்ணையில் படிவத்தோடு நிற்க வேண்டும். வலி எப்போது எடுத்தது? ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னது யார்? எந்த வண்டி, யார் பணம்? எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள்? முதலில் பார்த்தது யார், ஆயாவா, நர்ஸா, டாக்டரா? அங்கிருந்து அனுப்பியபோது சீட்டு தந்தார்களா? 

படிவத்தின் கேள்விகள் ஏன் இந்த வரிசையில் இருந்தன என்பது பயிற்சியில்தான் புரிந்தது. செரீன் தடியஸ், டெபோரா மெயின் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 1994-ல் வெளியான கட்டுரையில், தாய் மரணத்துக்கு முன்னால் மூன்று தாமதங்கள் நிற்கின்றன என்று பிரித்துக் காட்டினார்கள். போகலாம் என்று வீடு முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போய்ச் சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். முதல் இரண்டும் வீட்டையும் சாலையையும் கேட்கின்றன. மூன்றாவது ஆஸ்பத்திரியைக் கேட்கிறது. அதுவரை எல்லாப் பழியும் முதல் தாமதத்தின் மேலேயே போட்டிருந்தார்கள்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன், பெயரும் ஊரும் வேண்டாம். அரசு, தனியார் எந்த மருத்துவமனையில் தாய் இறந்தாலும் தெரிவிப்பதும் தணிக்கைக்கு வருவதும் கட்டாயம் என்று 2004-ல் அரசாணை வந்தது. அதற்கடுத்த ஆண்டு நடந்தது இது. இரண்டாவது பிரசவம். நகரத்தில் ஒரு தனியார் நர்சிங் ஹோம். சாயங்காலம் சுகப்பிரசவம், பெண் குழந்தை. நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. அந்த வீட்டுக்குப் போய் நான் கேட்க, எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மா எழுதினார். மாமியார் ஒரு துணிமூட்டையைக் காட்டினார். நனைந்த புடவைகளைத் துவைக்காமல் வைத்திருந்தார். “இதெல்லாம் பாருங்க நர்சம்மா, எத்தனை மாத்தினேன்னு நீங்களே எண்ணிக்கோங்க” என்றார். எவ்வளவு ரத்தம் போயிருக்கும் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதிலை நான் எந்தக் கேஸ் ஷீட்டிலும் பார்த்ததில்லை.

நேரம்தான் இழுபறி. எட்டரை மணிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம் என்று நர்சிங் ஹோம் சொல்லியிருந்தது. கடைசி பஸ் போன பிறகுதான் விட்டார்கள் என்றார் மாமியார். புருஷன் அதுவரை பேசவே இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினார். எஸ்.டி.டி. பூத் ரசீது. நர்சிங் ஹோமுக்கு எதிரே இருந்த பூத்திலிருந்து, பில் கட்டப் பணம் கொண்டுவரச் சொல்லி மச்சானுக்குப் பேசியது. அதில் அச்சாகியிருந்த நேரம் 9.42. அந்தப் பணம் வந்து, பில் கட்டி, வேன் பிடித்து, அரசு மருத்துவமனைக்குப் போனால் அங்கே இன்னொரு கதை. இரவுப் பணியில் ஒரே டாக்டர். ரத்தத்துக்கு ஆள் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஆள் வந்து சேரும் முன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. தனியாரின் தாமதமும் அரசின் தாமதமும் ஒரே இரவில், ஒரே உடம்பில் சேர்ந்திருந்தன.

மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் தணிக்கைக் கூட்டம் நடக்கும். இறந்தவளோடு கூட இருந்த உறவினர் இரண்டு பேரை முதலில் அழைத்துக் கேட்பார்கள். கலெக்டர் ஆபீஸ் படியை வாழ்நாளில் மிதித்திராதவர்கள் அங்கே வந்து உட்கார்ந்து தங்கள் வீட்டுச் சாவைச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் புருஷன் பூத் ரசீதை மேஜை மேல் வைத்தார். தனியார் டாக்டரும் அரசு டாக்டரும் ஒரே கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். அப்படி ஒரு மேஜை அதற்கு முன் இந்த மாவட்டத்தில் இருந்ததில்லை.

அதன் அருமை தெரிய, அதே ஆண்டுகளில் நீதிமன்றங்களில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1986-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் மருத்துவம் வருமா என்று நாடு முழுவதும் வழக்கு நடந்தது. நோயறிந்து சிகிச்சை தருவது அந்தச் சட்டம் சொல்லும் சேவை ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 1995 நவம்பர் 13 அன்று, இந்திய மருத்துவச் சங்கம் தொடர்ந்த சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கட்டணம் வாங்கும் மருத்துவமனை பதில் சொல்லியாக வேண்டும். சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடமானால் அந்த இலவச நோயாளியும் வழக்குப் போடலாம். ஆனால் எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது. அதாவது பணம் கட்டியவனுக்கு ஒரு கதவு திறந்தது. என் ஊர்க்காரர்கள் நம்பியிருந்த தர்மாஸ்பத்திரிக்கு அது திறக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1996 மே மாதம், இன்னொரு தீர்ப்பு. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரிடம் காசு கொடுத்துப் பிழைத்தார். உயிர் காக்கும் சிகிச்சையை மறுப்பது உயிர் வாழும் உரிமையை மறுப்பது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, 25,000 ரூபாய் இழப்பீடு தரவைத்தது. பெரிய தீர்ப்பு. ஆனால் தில்லி வரை போக ஒரு சங்கம் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. தணிக்கை மேஜைக்கு வக்கீல் வேண்டாம், கோர்ட் கட்டணம் வேண்டாம், பணம் கட்டிய ரசீதும் வேண்டாம். ஒரு தாய் இறந்தால் போதும், கேள்வி தானாகப் புறப்பட்டு வீடு தேடி வரும். சட்டம் தராத சமத்துவத்தை ஒரு படிவம் தந்தது.

அந்தப் படிவங்கள் பீரோவில் தூங்கவில்லை. இரவில் பூட்டிக் கிடக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பற்றி அவை திரும்பத் திரும்பச் சொன்னதால், மூன்று ஸ்டாஃப் நர்ஸ் முறைவைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் நிலையங்கள் வந்தன. சிசேரியன் தெரிந்த டாக்டர் இருந்தால் மயக்க மருந்து டாக்டர் இல்லை, இருவரும் இருந்தால் ரத்தம் இல்லை என்று அவை சொன்னதால், இவை அனைத்தும் எந்நேரமும் இருக்கும் சீமாங் மையங்கள் 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் எழுந்தன. ஆள் போதாத இடத்தில் வெளியிலிருந்து தனியார் டாக்டரை அழைத்துக் கட்டணம் கொடுக்கும் ஏற்பாடும் செய்தார்கள். பிரசவ அறையில் தாயைத் தனியே விட்டுக் கதவைச் சாத்தியதும் சாவுக்கு ஒரு காரணம் என்று தெரிந்து, வீட்டுப் பெண் ஒருவர் கூட இருக்க அனுமதித்தார்கள். 2008 செப்டம்பர் 15 அன்று 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 

2001-03-ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் அது 54. இந்தியா முழுவதற்கும் அப்போது 97. ரோடும் படிப்பும் திருமண வயதும் இதில் சேர்ந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் எங்கே ஆள் வைக்க வேண்டும், எங்கே ரத்தம் வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவை இறந்த வீட்டுத் திண்ணைகளில் எழுதிய தாள்கள். 2010-ல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் தாய் மரண ஆய்வு வழிகாட்டுதலை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூனில் தில்லி உயர் நீதிமன்றம், பிரசவத்தில் இறந்த ஓர் ஏழைப் பெண்ணின் மரணத்தைத் தணிக்கை செய்யச் சொல்லி உத்தரவிட்டது.

இந்த ஏற்பாட்டை நேசிப்பவள் என்பதாலேயே அதன் குறையையும் சொல்ல வேண்டும். பழி சுமத்துவதற்கான கூட்டம் அல்ல, பாடம் கற்பதற்கான கூட்டம் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. நடைமுறையில் பழி தண்ணீர் மாதிரி பள்ளத்துக்குத்தான் ஓடியது. இரும்புச்சத்து மாத்திரைக் கணக்கு ஏன் சரியில்லை, ஹைரிஸ்க் என்று ஏன் சிவப்பு மையில் எழுதவில்லை என்று கிராம செவிலியருக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கான 17-பி மெமோ வரும். மயக்க மருந்து டாக்டர் பணியிடம் ஏன் இரண்டு வருஷமாகக் காலி என்ற கேள்விக்கு மெமோ வாங்க ஆள் இருக்காது. அதனால் சாவு நடந்த மறுநாள் சில இடங்களில் கார்டில் புது மை ஏறியது. பயம் இருக்கும் இடத்தில் பதிவேடு பொய் சொல்லும்.

தனியார் பக்கம் தகவல் மெதுவாகவே வந்தது. தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 1997-லேயே இயற்றியது. அதற்கான விதிகள் வந்ததோ 2018-ல். இருபத்தோரு ஆண்டுகள் அந்தச் சட்டம் கைகால் இல்லாமல் கிடந்தது. நோயாளியோ குடும்பமோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகள் சொல்கின்றன. நான் வேலை பார்த்த ஊர்களில் அப்படி ஓர் உரிமை இருப்பது தெரிந்த ஒருவரைக்கூடச் சந்தித்ததில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை ஒன்று உண்டு. குடும்பத்தாரைக் கேட்ட பிறகு வெளியே அனுப்பிவிடுவார்கள். டாக்டர்கள் பேசுவது அதற்குப் பிறகுதான். என்ன முடிவானது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. பூத் ரசீது வைத்த அந்தப் புருஷன் பிறகு பலமுறை என்னைச் சந்தையில் பார்த்துக் கேட்டார்: “நர்சம்மா, அந்த மீட்டிங்குல என்னதான் சொன்னாங்க?” அனுப்பும் முன் அந்த மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும், சீட்டு கட்டாயம், ரத்தத்துக்கு உறவினரை அலையவிடக் கூடாது என்று முடிவெடுத்தது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. தன் மனைவியின் சாவால் மூன்று விஷயங்கள் மாறின என்பதை அறியாமலேயே அவர் அந்தப் பெண் குழந்தையை வளர்த்தார்.

ரகசியம் வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பெயர் வெளியானால் டாக்டர்கள் உண்மை பேச மாட்டார்கள், சிக்கலான பிரசவத்தைத் தொடவே பயப்படுவார்கள். மருத்துவமனைகளில் கண்ணாடி உடைவதும் டாக்டர் அடிபடுவதும் நடந்து, 2008-ல் தமிழ்நாடு அதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் கண்ணாடி உடையும் இடங்களைப் பார்த்தவள் நான். பெரும்பாலும், உள்ளே என்ன நடக்கிறது என்று மணிக்கணக்கில் யாரும் சொல்லாமல் விட்ட வராந்தாவில்தான் கல் எடுக்கிறார்கள். பதில் சொல்வது டாக்டருக்கும் பாதுகாப்பு.

ஆகவே நான் கேட்பது இவைதான். தணிக்கையின் முடிவை, யார் பெயரும் இல்லாமல், தமிழில் ஒரு பக்கமாக எழுதி அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும்: எங்கே தாமதம் ஆனது, இனி நடக்காமலிருக்க எதை மாற்றுகிறோம் என்று. அதைச் சொல்ல அந்தப் பகுதி டாக்டர் நேரில் போக வேண்டும், கேட்கப் போன அதே திண்ணைக்கு. மாற்றுவதாகச் சொன்னது மாறியதா என்பதை ஆண்டுக்கு ஒருமுறை கிராம சபையில் படிக்க வேண்டும். காலிப் பணியிடம் காரணமானால் அதை நிரப்ப வேண்டியவரின் பதிலும் அதில் இருக்க வேண்டும். நகரத்துத் தனியார் மருத்துவமனைகளும் இதே முறைக்குள் வர வேண்டும், பிரசவத்தோடு நிற்காமல் அறுவை சிகிச்சையில் எதிர்பாராமல் நேரும் மரணங்களுக்கும் சேர்த்து. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, புதுக் கட்டடமும் தேவையில்லை. முப்பது ஆண்டுகளாக வீடு வீடாகப் போய்க் கேட்கத் தெரிந்த செவிலியர்கள் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். கேட்டதற்குப் பதிலைத் திரும்பக் கொண்டுபோகும் அதிகாரத்தையும் அவர்களுக்குக் கொடுங்கள்.